பெரிய பாய்லருக்குச் செக் வால்வு: குழாயின் அளவைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி சுருக்கமாக இது. மணிக்கு 50 டன் நீராவி தரும் இரண்டு பாய்லர்கள், 40 பார் அழுத்தம், 400 டிகிரி செல்சியஸ். இரண்டும் ஹெடர் என்னும் ஒரே பொதுக் குழாயில் சேர்கின்றன, பெரும்பாலும் பாதி லோடில் ஓடுகின்றன. நீராவிக் குழாய் 250 மி.மீ. மூன்று ஊட்டுநீர் பம்ப்புகளில் இரண்டு ஓட, ஒன்று தயார் நிலையில் நிற்கிறது. ஒவ்வொன்றின் வெளிவழியும் 100 மி.மீ., அழுத்தம் 55 பார். எல்லா இடத்திலும் ஸ்விங் வகை செக் வால்வுகள், அதாவது ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும், ஹிஞ்ச் பின்னில் கதவுபோல் ஆடும் டிஸ்க் (தட்டு) கொண்ட வால்வுகள். அவை ஓயாமல் தட்டுகின்றன, ஹிஞ்ச் பின்கள் தேய்கின்றன, பம்ப் டிரிப் ஆனால் (திடீரென நின்றுபோனால்) குழாயே குலுங்குகிறது. எந்த வகை வால்வு நம்பகமானது? ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் பாதுகாப்புக் கூடுமா?

எந்த வகை என்பதற்கு முன், எந்த அளவு என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன விவரங்களிலேயே நோயின் காரணம் பாதிக்கு மேல் இருக்கிறது.

செக் வால்வைத் திறக்கவோ மூடவோ வெளியில் ஆள் இல்லை. ஓட்டமே அதைத் திறக்கிறது, ஓட்டமே திறந்தபடி தாங்கி நிற்கிறது. டிஸ்க்கைக் கடைசி வரை தூக்கி ஸ்டாப்பர் மீது அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு ஓட்டத்தில் பலம் இல்லையென்றால், அது நடுவில் மிதந்து ஆடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை ஆடும் டிஸ்க், ஹிஞ்ச் பின்னையும் புஷ்ஷையும் அரைத்துத் தின்றுவிடும். டிஸ்க்கை அதன் ஹிஞ்ச் கையோடு பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தும். ஒருநாள் டிஸ்க் கழன்று விழும். எனவே நான் கேட்கும் கேள்விகள் இரண்டே: நீங்கள் வழக்கமாக ஓட்டும் லோடில் டிஸ்க் முழுவதும் திறந்து அசையாமல் நிற்கிறதா? ஓட்டம் திரும்புவதற்குள் மூடிவிடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்று கணக்கில் காட்ட முடியாத வால்வு, எவ்வளவு பெயர் பெற்ற நிறுவனம் செய்ததாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதல் கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஒரு கிலோ நீராவி எத்தனை கன மீட்டர் இடம் பிடிக்கிறது என்று நீராவி அட்டவணையில் பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 45 ஆல் பெருக்கினால், சாதாரண ஸ்விங் வால்வு முழுவதும் திறந்து நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் வினாடிக்கு மீட்டரில் கிடைக்கும். வடிவமைப்பைப் பொறுத்து 45 என்பது 75 ஆகவும் இருக்கும். வால்வு செய்பவரிடம் அவருடைய எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் நீராவிக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். 40 பார், 400 டிகிரியில் ஒரு கிலோ நீராவி 0.0734 கன மீட்டர். வர்க்கமூலம் 0.271, 45 ஆல் பெருக்கினால் 12.2. வினாடிக்கு 12 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும் என்று அர்த்தம். 50 டன் நீராவி 250 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 21 மீட்டர் வேகத்தில் போகும். முழு லோடில் கவலை இல்லை. பாதி லோடில் அது 10.4 மீட்டர், டிஸ்க் மிதக்கிறது. உங்களிடம் இருப்பது 75 வகை என்றால் நிலைமை இன்னும் மோசம்: அதற்கு 20 மீட்டர் தேவை, அதாவது முழு லோடில் மட்டும்தான் அது நிலையாக நிற்கும். நீங்கள் கேட்கும் தட்டல் சத்தத்துக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இதே இடத்தில் இரு பக்கமும் ரெட்யூசர் (குழாயின் அளவைக் குறைக்கும் இணைப்பு) வைத்து 200 மி.மீ. வால்வு போட்டால், முழு லோடில் 32 மீட்டர், பாதி லோடில் 16 மீட்டர். ஏறத்தாழ 38 சதவீத லோடு வரை டிஸ்க் முழுவதும் திறந்து நிற்கும். அழுத்த இழப்பு கூடுமே என்பார்கள். கூடும். வால்வின் எதிர்ப்புக் கெழு 4 என்று வைத்துக்கொண்டால் முழு லோடில் இழப்பு ஏறத்தாழ 0.3 பார். 40 பாரில் அது ஒரு பொருட்டல்ல. குழாய் வரைபடத்தில் 250 என்று எழுதியிருக்கிறது, ஆகவே வால்வும் 250 என்று வாங்கும் பழக்கம்தான் செக் வால்வுகளைக் கெடுக்கும் முதல் காரணம் என்பேன். நாளைக்கு விரிவாக்கம் வரும் என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது அதைவிடத் தீங்கு. கேட் வால்வு பெரிதாக இருந்தால் பணம்தான் வீண்; செக் வால்வு பெரிதாக இருந்தால் வால்வே வீண்.

ஊட்டுநீர்ப் பக்கமும் இதே கதை. 105 டிகிரி நீரில் தேவையான வேகம், அதே 45 கணக்கில், ஏறத்தாழ 1.5 மீட்டர். 100 மி.மீ. குழாயில் 50 டன் ஓடும்போது 1.85 மீட்டர், இரண்டு பம்ப்புகள் சுமையைப் பகிர்ந்து தலைக்கு 25 டன் தள்ளும்போது 0.93 மீட்டர். 80 மி.மீ. வால்வில் இது முறையே 2.9, 1.45. பாதி ஓட்டத்தில் 80 கூடச் சரியாக விளிம்பில்தான் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே அளவைக் குறைப்பது மட்டும் அங்கே போதாது, வகையையும் மாற்ற வேண்டும். இன்னொன்று: மொத்தத் தேவை 50 டன்தான் என்றால் ஒரே பம்ப்பை ஓட்டி, இரண்டாவதைத் தானாக எழும்பும் நிலையில் வைக்க முடியாதா என்று பாருங்கள். வால்வுக்கும் நல்லது, மின்சாரக் கட்டணத்துக்கும் நல்லது. தானியங்கித் தொடக்கம் நம்பும்படியாக வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே அப்படிச் செய்யலாம்.

இனி வகைக்கு வருகிறேன். பாய்லருக்கு ஏற்ற ஒரே வகை என்று எதுவும் இல்லை. இடத்துக்கு இடம் வேலை வேறு.

பாய்லர் நீராவியை ஹெடருக்குள் விடும் இடத்தில் வெறும் செக் வால்வு வேண்டாம். ஸ்டாப்-செக் வால்வு, அதாவது கைச்சக்கரத்தாலும் மூடக்கூடிய செக் வால்வு வேண்டும். ஒரு பாய்லரில் டியூப் வெடித்தால் மற்றதன் நீராவி முழுவதும் ஹெடர் வழியாக அந்த ஓட்டையை நோக்கித் திரும்பிப் பாயும். அதை வினாடிகளுக்குள் தடுப்பதுதான் இதன் வேலை. பாய்லரை இணைக்கும்போதும் இது உதவுகிறது: உள் அழுத்தம் ஹெடரைத் தாண்டும் கணத்தில் தானாகத் திறக்கும். தண்டு டிஸ்க்கோடு ஒட்டியிருக்காது. அதனால் கைச்சக்கரத்தால் டிஸ்க்கை மூட முடியும், தூக்க முடியாது. மேன்ஹோல் உள்ள பாய்லர்கள் பொது ஹெடரில் சேரும்போது இரண்டு ஸ்டாப் வால்வுகளும் அவற்றின் நடுவில் கண்ணால் பார்க்கக்கூடிய வடிகாலும் வேண்டும் என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) பாய்லர் விதித்தொகுப்பின் முதல் பிரிவு சொல்கிறது. பாய்லருக்கு அருகில் வருவது ஸ்டாப்-செக்காக இருப்பதுதான் வழக்கம். உள்ளே ஆள் இறங்கும்போது நம்ப வேண்டியது மூடிப் பூட்டிய அந்த இரண்டு வால்வுகளையும் திறந்திருக்கும் வடிகாலையும்தான். செக் வால்வை நம்பி எவரையும் பாய்லர் டிரம்முக்குள் அனுப்பக் கூடாது.

இந்த இடத்துக்கு என் தேர்வு, சாய்ந்த உடலுள்ள ஒய் வடிவ பிஸ்டன் லிஃப்ட் ஸ்டாப்-செக். உடலில் வழிகாட்டப்பட்டு நேராக ஏறி இறங்கும் பிஸ்டனுக்கு ஹிஞ்ச் பின் என்ற பலவீனமே கிடையாது. பிஸ்டனுக்கு மேலுள்ள அறையில் அடைபடும் நீராவி அதன் அசைவை மெத்தைபோல் தணிக்கிறது. நல்ல வடிவமைப்புகளில் அந்த மேலறையை வால்வின் வெளிப்பக்கத்தோடு இணைக்கும் சமன்குழாய் ஒன்று இருக்கும். மேலறையின் அழுத்தம் அதனால் இறங்குவதால், குறைந்த ஓட்டத்திலும் பிஸ்டன் முழுவதும் ஏறும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் பிஸ்டன் பாதியில் தொங்கும். ஆண்டுப் பராமரிப்பில் பெரும்பாலும் எவரும் எட்டிப் பார்க்காத பாகம் அது. மூடும்போது பிஸ்டன் அமரும் சீட்டுக்குக் கீழே வடிகால் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையேல் மூடிய வால்வின் முன்னால் தேங்கும் கண்டன்சேட் (குளிர்ந்து நீரான நீராவி), திறக்கும் கணத்தில் குண்டுபோல் பாயும்.

தட்டல் சத்தம் கேட்டால் கைச்சக்கரத்தைச் சில சுற்று இறக்கி, தண்டின் நுனியால் டிஸ்க்கை அழுத்திச் சத்தத்தை அடக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சத்தம் நிற்கும். ஆனால் திறப்பு குறுகிய இடத்தில் நீராவி சீறிப் பாய்ந்து சீட்டை அரிக்கும், அடுத்த முறை வால்வு இறுக மூடாது. அப்படி இறக்கி வைத்த வால்வு ஒன்று உங்களிடம் இருந்தால், அளவு தவறு என்பதற்கு அதுவே சாட்சி.

பம்ப்பின் வெளிவழியில் சிக்கல் வேறு. அங்கே முக்கியம் மூடும் வேகம். இரண்டு பம்ப்புகள் ஒரே ஹெடருக்குள் தள்ளுகின்றன. ஒன்று டிரிப் ஆகிறது. மற்றது தொடர்ந்து தள்ளுவதால் நின்ற பம்ப்பின் வழியே நீர் கண நேரத்தில் திரும்பும். ஸ்விங் டிஸ்க் நீண்ட வளைவில் விழுந்து வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் திரும்போட்டம் வேகம் பிடித்துவிடும். கடைசியில் அந்த ஓட்டமே டிஸ்க்கைச் சீட்டில் அறைகிறது. ஓடும் நீர் திடீரென நிற்கும்போது எழும் அழுத்தத்தை ரஷ்ய விஞ்ஞானி ஜுகோவ்ஸ்கி 1898 இல் கணக்காக்கினார்: நீரின் அடர்த்தி, குழாயில் அழுத்த அலையின் வேகம், நின்ற ஓட்டத்தின் வேகம், மூன்றின் பெருக்கல். வினாடிக்கு ஒரு மீட்டர் திரும்போட்டம் நின்றால் உங்கள் குழாயில் ஏறத்தாழ 12 பார் கூடுதலாக எழும். குழாய் குலுங்குவது இதனால்தான்.

அங்கே நாசில் வகை செக் வால்வு போடுங்கள். டிஸ்க் குழாயின் அச்சிலேயே சிறு தூரம் முன்னும் பின்னும் நகரும், ஸ்பிரிங் பின்னிருந்து தள்ளும். ஓட்டம் தளரத் தொடங்கியதுமே மூடத் தொடங்கி, நீர் திரும்பும் தறுவாயில் ஏறக்குறைய மூடியிருக்கும். விலை அதிகம்தான். ஓட்டம் எவ்வளவு வேகமாகக் குறைந்தால் எவ்வளவு திரும்போட்டத்தில் மூடும் என்ற வளைகோட்டை நல்ல நிறுவனங்கள் தருவார்கள். தர மறுப்பவரிடம் இந்த இடத்துக்கு வாங்காதீர்கள். ஸ்பிரிங்கின் விறைப்பை உங்கள் குறைந்த ஓட்டத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், இல்லையேல் ஸ்பிரிங்கே டிஸ்க்கைப் பாதியில் நிறுத்திவிடும். டில்டிங் டிஸ்க் வகை இடைநிலை. ஸ்விங்கைவிட வேகம், நாசிலைவிட மெதுவு. இரட்டைத் தகடு கொண்ட மெல்லிய வேஃபர் வகை நீர்ப்பக்கத்தில் ஓரளவு சரி. 400 டிகிரி நீராவியில் அதன் ஸ்பிரிங் தளர்ந்துபோகும், இரு ஃபிளேஞ்சுகளையும் பிணைக்கும் நீண்ட போல்ட்டுகள் சூட்டில் நீண்டு கேஸ்கட் கசியும். நீராவிப் பக்கத்தில் நான் அதை அனுமதிப்பதில்லை.

பம்ப்புக்குக் குறைந்தபட்ச ஓட்டத்தைக் காக்கும் திரும்புவழி உங்களிடம் தனியாக இருக்கிறதா என்று சொல்லவில்லை. புதிதாக வாங்குவதானால், செக் வால்வும் அந்தத் திரும்புவழியும் ஒரே உடலில் அமைந்த தானியங்கி மறுசுழற்சி வால்வும் ஒரு வழி. முதன்மை ஓட்டம் குறையும்போது இறங்கும் டிஸ்க்கே பக்கவழியைத் திறந்துவிடும். சுத்தமான நீருக்கு நன்றாக உழைக்கும். துகள்கள் வந்தால் பக்கவழியின் நுண்ணிய வழிகள் அடைத்துக்கொள்ளும்.

எக்கனாமைசருக்கு (புகையின் சூட்டால் ஊட்டுநீரைச் சூடாக்கும் பகுதி) முன்னால் வரும் செக் வால்வு பற்றிச் சுருக்கமாக: லிஃப்ட் வகை போதும், பாய்லருக்கும் அந்தச் செக் வால்வுக்கும் நடுவே ஸ்டாப் வால்வு இருக்க வேண்டும், அப்போதுதான் செக் வால்வைத் தனிமைப்படுத்திப் பிரிக்க முடியும். டர்பைனிலிருந்து இடைநிலை நீராவி எடுக்கும் குழாய்கள் இருந்தால் அது தனி உலகம். டர்பைன் டிரிப் ஆகும்போது, அந்த நீராவியால் சூடாகும் ஹீட்டரில் உள்ள வெந்நீர் நீராவியாகப் பொங்கித் திரும்பி, சுமையற்ற டர்பைனை மேலும் சுழற்றும். அங்கே காற்றுச் சிலிண்டரும் ஸ்பிரிங்கும் துணை நிற்கும் வால்வுகள்தான் வேண்டும்.

எங்கே பொருத்துகிறீர்கள் என்பது வாங்கியதை நல்லதாக்கும் அல்லது கெடுக்கும். எல்போ முடிந்த இடத்திலேயே, பம்ப் ஃபிளேஞ்சிலேயே, கட்டுப்பாட்டு வால்வுக்கு ஒட்டியபடியே வைத்தால் சுழலும் ஓட்டம் டிஸ்க்கை ஒருபுறமாக அடித்துக்கொண்டே இருக்கும். வேகக் கணக்கு சரியாக இருந்தும் வால்வு தட்டும். குழாய் விட்டத்தின் ஐந்து மடங்காவது நேர்க்குழாய் முன்னால் விடுங்கள், முடிந்தால் பத்து மடங்கு. ஸ்பிரிங் இல்லாத வால்வைச் செங்குத்துக் குழாயில் வைத்தால் ஓட்டம் மேல்நோக்கி மட்டுமே இருக்கலாம். நேர் உடல் கொண்ட லிஃப்ட் வால்வு படுக்கைக் குழாயில், மூடி வானத்தைப் பார்க்க நிற்க வேண்டும்.

பொருளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிளாஸ் 300 (கிளாஸ் என்பது அழுத்தத் தர எண்) வால்வு 40 பாருக்குப் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அறை வெப்பநிலையில் அந்தக் கார்பன் எஃகு வால்வு 51 பார் தாங்கும். 400 டிகிரியில் ஏ.எஸ்.எம்.இ. பி16.34 தரம் அதற்கு அனுமதிப்பது 34.7 பார். உங்களுக்குக் கிளாஸ் 600. 400 டிகிரியில் 69 பார். சாதாரண டபிள்யூ.சி.பி. வார்ப்பெஃகை 425 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் வைத்தால் உள்ளே கார்பைடு சிதைந்து கிராஃபைட்டாகும். உங்கள் வெப்பநிலைக் கட்டுப்பாடு ஒருமுறை தவறினால் அந்த எல்லை தொலைவில் இல்லை. நீராவிப் பக்கத்துக்குக் குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த டபிள்யூ.சி.6 கேளுங்கள். சீட்டிலும் டிஸ்க்கிலும் ஸ்டெல்லைட் 6 என்ற கடினக் கலப்புலோகப் பூச்சு வேண்டும். ஊட்டுநீரை ஹீட்டரில் 130 முதல் 180 டிகிரி வரை ஏற்றுகிறீர்கள் என்றால், அந்தச் சூட்டில் வேகமாக ஓடும் நீர் கார்பன் எஃகின் காப்புப் படலத்தைக் கரைத்து உடலையே மெலியச் செய்யும். அங்கேயும் சிறிது குரோமியம் இருப்பது வால்வின் ஆயுளைக் கூட்டும்.

செக் வால்வு கசியாது என்ற எண்ணத்தை விடுங்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 598 சோதனைத் தரம், உலோகச் சீட்டுள்ள செக் வால்வுக்கு அளவின் ஒவ்வொரு இஞ்சுக்கும் நிமிடத்துக்கு 3 மில்லி லிட்டர் நீர்க்கசிவை அனுமதிக்கிறது. 80 மி.மீ. வால்வுக்கு 9 மில்லி லிட்டர். அற்பமாகத் தெரிகிறதா? நிறுத்தி வைத்த பம்ப்பின் உள்வழி வால்வை மூடி, வெளிவழி வால்வைத் திறந்தே விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். உள்வழிக் குழாயிலும் பம்ப்பிலும் 100 லிட்டர் நீர் அடைபட்டிருக்கிறது. நீர் அமுங்காது, அதை 55 பாருக்கு ஏற்றக் கால் லிட்டருக்குச் சற்று மேல் போதும். சோதனையில் தேறிய புத்தம் புது வால்வின் கசிவே, வேறு எங்கும் நீர் வெளியேறாவிட்டால், சுமார் அரை மணி நேரத்தில் அதைச் செய்துவிடும். உள்வழிக் குழாயோ பெரும்பாலும் கிளாஸ் 150. 100 டிகிரியில் அதன் எல்லை 17.7 பார். ஆகவே பம்ப்பைத் தனிமைப்படுத்தும்போது முதலில் வெளிவழியை மூட வேண்டும், பிறகே உள்வழி. திறக்கும்போது முதலில் உள்வழி. உள்வழியில் ஒரு சிறிய ரிலீஃப் வால்வும் இருக்கட்டும்.

விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் குழாய் அளவை மட்டும் எழுதாமல் முழு லோடு, வழக்கமான லோடு, மிகக் குறைந்த லோடு மூன்றுக்கும் ஓட்டம், அழுத்தம், வெப்பம் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் டிஸ்க் எவ்வளவு திறந்திருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். டிஸ்க்கும் கையும் இணையும் நட்டு எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது, ஸ்பிரிங் என்ன உலோகம், மூடியை வரிசையிலேயே திறந்து உள்ளே பார்க்க முடியுமா என்பதும் கேட்க வேண்டியவை. வந்து சேரும் பதில்களின் தரத்திலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

கடைசியாக, இரண்டு செக் வால்வுகளை வரிசையாகப் போடுவது. அமெரிக்காவின் சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையத்தின் முதல் அலகில் 1985 நவம்பரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, ஊட்டுநீர் அமைப்பிலிருந்த ஐந்து செக் வால்வுகள் ஒருசேரக் கைவிட்டன. நீர் திரும்பிப் பாய்ந்து, குழாய் காலியாகி, பிறகு எழுந்த வாட்டர் ஹாமர் என்னும் நீரின் அழுத்த அதிர்ச்சியில் குழாய் சேதமடைந்தது. ஐந்தும் அதற்கு முன்பே பழுதாகியிருந்தன. தேவை வரும் வரை எவருக்கும் தெரியவில்லை. ஒரே வகையில், ஒரே அளவில், ஒரே ஓட்டத்தில் இரண்டு வால்வுகள் வைத்தால் இரண்டும் ஒரே நோயில்தான் தேயும். இரட்டை வேண்டும் என்றே முடிவு செய்தால் வேறு வேறு வகையாக, ஒன்று நாசில், ஒன்று பிஸ்டன் லிஃப்ட் என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சோதனைக் குழாயும் அழுத்தமானியும் கட்டாயம் வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே தாங்குகிறதா என்று பம்ப் நிற்கும்போது பார்த்துக் குறித்து வைக்க அதுவே வழி. உங்கள் நிலையில் அந்தச் செலவை முதலில் சரியான அளவுள்ள ஒற்றை வால்வுகளுக்குச் செய்துவிட்டு, அடுத்த ஆண்டுப் பராமரிப்பில் மூடிகளைத் திறந்து தேய்மானத்தை அளந்த பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.